பதினொன்றாம் வினா

எனக்கு ஒதுக்கியது பதினொன்று மட்டும்.
பத்தைத் திருத்துகிறவன் லுவிட்டிகோ, என் இடப்பக்கம்.
பன்னிரண்டு யாரிடம் போகிறதென்று தெரியாது.

இரிங்கா மலைமேல் ஒரு பெண்கள் பள்ளி.
பிள்ளைகளை விடுமுறைக்கு அனுப்பிவிட்டு
அவர்கள் கட்டில்களில் எங்களைப் படுக்கவைத்திருக்கிறார்கள்.
என் தலைமாட்டு இரும்பில்
காம்பஸ் முனையால் எவளோ கீறியிருக்கிறாள்:
இன்னும் நாற்பத்தொரு நாள்.

வினா இதுதான்.
நாடு பிறந்தபோது தலைவர்கள் தந்த வாக்குறுதிகளில்
ஐந்தை விளக்குக.
சமத்துவம் என்று எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண்.
உழைப்பு, இரண்டு.
ஒருவரை ஒருவர் சுரண்டாமை, அதற்கும் இரண்டுதான்.

மூன்றாம் நாளுக்குள் என் சிவப்புப் பேனா
படிக்காமலே இரண்டு போடப் பழகிவிட்டது.
டொடோமாவில் ஒருவனும் ஏரிக்கரையில் ஒருத்தியும்
ஒரே காற்புள்ளியில் மூச்சு வாங்குகிறார்கள்.
எல்லாம் பேருந்து நிலையத்தில் விற்கும் நோட்ஸ்,
ஐந்நூறு ஷில்லிங்.
ஏட்டுச் சுரைக்காய்தான்.
ஆனால் அடேயப்பா, எவ்வளவு பெரிய தோட்டம்!

ஒருத்தி 'குஜிதெகெமேயா'வில் ஓர் எழுத்தை விழுங்கியிருந்தாள்.
சொந்தக் காலில் நிற்பது என்று வரவேண்டிய இடத்தில்
தனக்குத்தானே கண்ணி வைப்பது என்று வந்திருந்தது.
லுவிட்டிகோவிடம் காட்டினேன். சிரித்தான்.
சிரித்து முடித்து,
"அது பிழையா?" என்றான்.
இரண்டு போட்டேன்.

பிறகு அந்தத் தாள்.
பெயர் கிடையாது, எண்தான்.
ஐந்து குறிப்புகள் இல்லை, ஒரே பத்தி.

"எங்கள் ஊர் வீடுகள் நேர்க்கோட்டில் இருக்கும்.
எல்லா வாசலும் சாலையைப் பார்க்கும்.
அந்தக் காலத்தில் லாரியில் ஏற்றிவந்து
இனி எல்லாரும் சமம் என்று சொல்லி இறக்கினார்களாம்.
கிணற்றை ஏற்ற லாரியில் இடமில்லை.
அதனால் நான் நாலரைக்கு எழுகிறேன்.
பழைய ஊர்க் கிணற்றுக்கு ஒன்றரை மணி நேரம்.
ஆனால் அங்கே வரிசையை யாரும் முந்தமாட்டோம்.
மாவட்ட அதிகாரியின் மகள் வந்தாலும்
கடைசியில்தான் நிற்கவேண்டும்.
அவள் வரமாட்டாள்.
வந்தாலும்."

விடைக்குறிப்பை இரண்டு முறை புரட்டினேன்.
கிணறு இல்லை.
குழுத் தலைவி கொகுபேல்வா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தாள்.
நல்லவள்தான். படித்தபின் சற்றுநேரம் பேசவில்லை.
"குறிப்பில் இல்லாததற்குப் பூஜ்யம்" என்றாள்.
"இவளுக்கு ஒரு கோல், மற்றவர்க்கு ஒரு கோலா?
நாடு முழுக்க ஒரே அளவு.
அதுதானே சமத்துவம்?"

பதில் சொல்ல வரவில்லை எனக்கு.
பதினாறு வயதில் இதே ஐந்தையும்
கொடிக்கம்பத்தடியில் ஒப்பித்துக்
கைதட்டல் வாங்கியவள் நான்.
அந்தக் கைதட்டலில் ஏறித்தான் வாத்தியார் ஆனேன்.
என் ஊர்க் குழாயில் தண்ணீர் வந்தது.
கிணறு எங்கே என்று கேட்கத் தோன்றியதே இல்லை.

தாளைக் கட்டின் அடியில் செருகிவைத்தேன்.
மதிப்பெண் கட்டம் வெறுமையாக.

மணி அடித்தது.
உகாலியும் அவரைக்குழம்பும்,
மழையில் நனையும் தகரக் கூரைக்கடியில்
நூற்றெண்பது ஆசிரியர்கள், நூற்றெண்பது தட்டுகள்.
தேர்வுத் துறைக்காரர்கள் மூன்று பேர்
குடையை மடக்கியபடி நேராக அண்டாவுக்குப் போனார்கள்.
வழக்கம்தான். தினமும் போகிறார்கள்.
வரிசை தன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டது.

"வரிசை" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை.
தகரத்தில் மழை வேறு.
ஆனாலும் ஒருவர் கரண்டியைப் பிடித்தபடியே
திரும்பி என் கழுத்தட்டையைத் தேடினார்.
அது கவிழ்ந்து கிடந்தது.

"எந்த வினா திருத்துகிறாய் நீ?"

"பதினொன்று."