ஆளுக்குப் பாதி

வீட்டை விற்றோம்.
நாயை அவன் அக்கா கூட்டிப்போனாள்.
ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் மற்றவர் பாதியை வாங்க
எங்கள் இருவரிடமும் காசில்லை.

எழுபத்தொன்றாம் வருஷத்து வண்டி.
இரண்டாயிரத்து இருநூறு பவுண்டுக்கு வாங்கியபோது
ஊரை ஏமாற்றிவிட்டதாக நினைத்தோம்.
சுண்டைக்காய் கால் பணம்.
சுமைகூலிக் கணக்கை டென்ஸில்தான் எழுதிவந்தான்,
ஒருநாள் கூட்டிப் பார்த்து
கிழித்துப் போட்டான்.

வக்கீல் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கேட்டாள்:
இதை யார் பெயரில் எழுத?
ஆளுக்கொரு மாதம் என்றோம்
ஒரே குரலில்.
அந்தப் பத்திரத்தில்
சண்டையில்லாமல் எழுதப்பட்ட வரி அது.

மாதத்தின் முதல் ஞாயிறு, போர்ட்ரீத் துறைமுகம், பத்து மணி.
இன்ஜினை அணைக்காமல் இறங்க வேண்டும்.
அணைத்தால் மறுபடி எழுப்ப அரைமணி ஆகும்.
அரைமணிக்குப் பேச
எங்களிடம் எதுவும் மிச்சமில்லை.
கொடுத்தவர் பஸ்ஸுக்கு நடப்பார்.

பேச்செல்லாம் டேஷ்போர்டின் கீழ்த்தட்டில்
கோடு போட்ட நோட்டில்:

சோக்கை முழுக்க இழு, பாதியில் விடாதே.
இடது பின்விளக்கு எரியாது. தட்டு. எரியும்.
ஜோரி பட்டறையில் காட்டினேன். கதவுக்குக் கீழே
ஸ்க்ரூட்ரைவரால் குத்தினான், பிடிவரை போய்விட்டது.
பிஸ்கட் என்றான். நானூறு. உன் பங்கு இருநூறு.
முன்சக்கர ட்ரனியனுக்கு எண்ணெய் விட்டேன். கிரீஸ் இல்லை. எண்ணெய்.

கடைசி வரி நான் எழுதியது.
கல்யாணமான நாலாம் வருஷம் அவன் கிரீஸ் வைத்தான்.
செயின்ட் டே மேட்டுத் திருப்பத்தில்
சக்கரம் மடங்கி
மாடு மண்டியிட்டதுபோல் சாய்ந்தது வண்டி.
இருவரும் சிரித்தோம் என்று இன்னும் சொல்கிறானாம்.
நான் சிரிக்கவில்லை.

எனக்குப் பிடித்தது கார்புரேட்டர் வேலை.
பானெட்டைத் தூக்கினால்
வண்டியின் முகமே எழுந்து முன்னால் போய்விடும்.
டயர்மேல் உட்கார்ந்துகொள்ளலாம்.
ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து
மறுமுனையை ஒன்றின் வாயில் பிடித்தால்
உஸ்ஸ்ஸ்.
அடுத்ததில் பிடித்தால் உஸ்.
இரண்டும் ஒரே மூச்சு விடும்வரை
திருகைத் திருப்ப வேண்டும், மயிரிழை, மயிரிழையாக.
பல் மருத்துவரிடம் நாள் முழுக்க
உறிஞ்சுகுழாய் பிடிக்கிறவள் நான்.
காது பழகிவிட்டது.
டென்ஸில் திருப்பினால் ஒன்று எப்போதும்
மற்றதைவிடக் கொஞ்சம் பசியோடிருக்கும்.

இந்த ஞாயிறு மழை.
அவன் ஓட்டி வந்தபோது
இரண்டும் சரியாக மூச்சு விட்டன.
யாரோ காது கொடுத்திருக்கிறார்கள்.

அவன் பஸ்ஸுக்குப் போன பிறகுதான் பார்த்தேன்,
பக்கத்து சீட்டின் பெல்ட்.
பழைய பெல்ட், தானாகச் சுருங்காது,
உட்காருகிறவர் உடம்புக்கு ஏற்ப
கையால் இழுத்து வைக்க வேண்டும்.
பத்து வருஷம் அது என் அளவில் இருந்தது.
இப்போது ஒரு சாண் குறைந்திருக்கிறது.

நோட்டில் அதைப் பற்றி ஒன்றுமில்லை.
பிரேக் இடப்பக்கம் இழுக்கிறது, ஸாரி
என்று மட்டும்.
எதற்கு ஸாரி? பிரேக்குக்கா?

ரெட்ரூத் வரை வைப்பர் ஒரு கையால்தான் துடைத்தது.
மற்றது செத்து ஒரு வாரமாம்,
அதையும் எழுதவில்லை.
வீட்டு வாசலில் குடையைக் கக்கத்தில் இடுக்கி
ட்ரனியனுக்கு எண்ணெய் விட்டேன்.
அவன் முறைதான்.
ஆனாலும் அந்தச் சக்கரத்தின் மேல்
அடுத்த மாதம் உட்காரப் போவது
அவன் மட்டுமில்லை.

பெல்ட்டை என் அளவுக்கு இழுத்தேன்.
பிறகு, பக்கத்து சீட்டில்
நான் இனி எதற்கு உட்காரப் போகிறேன்?
மறுபடி ஒரு சாண் குறைத்தேன்.
பேனா ஈரத்தில் எழுத மறுத்தது, உதறி எழுதினேன்:

எண்ணெய் விட்டாயிற்று.
கூரை இப்போது இடதுபக்கமும் ஒழுகுகிறது.
அங்கே உட்காருகிறவரை
துண்டு கொண்டுவரச் சொல்.
கார்புரேட்டர் பிரமாதம் என்றும் சொல்.