இருபத்து மூன்றாவது தீர்த்தம்

பாம்பன் பாலத்தில் காற்று.
பஸ் ஊர்ந்துதான் வந்தது.
ஆறு நிமிடம்.
அரைநாள் சம்பளத்தை அடித்துவிட்டார் கோட்டைச்சாமி.

உள்ளே,
கயிலையிலிருந்து நேரம் தவறி வந்த லிங்கத்துக்குத்தான்
இன்றைக்கும் முதல் பூசை.
சீதை பிடித்துவைத்த மணல் லிங்கம்
அதற்குப் பிறகு.
யாரிடம் போய்ச் சொல்ல.

மூன்றாம் பிராகாரம், வடக்குக் கை.
படமெடுப்பவர்கள் நட்டநடுவில் நிற்பார்கள்.
தூணுக்குள் தூண் புகுந்து புகுந்து
கடைசியில் தீப்பெட்டி அளவு வெளிச்சம்.
அது வரைக்கும் துடைக்க வேண்டும்.

வெளியே தொட்டியில்
மிதக்கும் கல்லைக் காட்டிக் காசு வாங்குகிறார்கள்.
மிதக்காத இத்தனை கல்லும்
கல்லே விளையாத இந்தத் தீவுக்கு
எப்படி வந்ததென்று ஒருவரும் கேட்பதில்லை.
"எல்லாம் ஒரு கை மண்ணுக்குக் காவல்" என்பான்
கிணற்று மேட்டில் வாளி இறைக்கும் முத்திருளாண்டி.
அவன் உள்ளங்கையில் கயிறு ஓடிய தடம்,
கல்லில் இருப்பதுபோலவே.

அவன் ஊற்றுவதெல்லாம் என்னிடம்தான் வரும்.
பாட்னாக்காரர் வேட்டியிலிருந்து நளன் சொட்டுகிறான்.
ஓங்கோல் மணப்பெண்ணின் பின்னலிலிருந்து
சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி
எது எதுவென்று தெரியாமல்.
இருபத்திரண்டையும் ஒரே மாப்பால் ஒற்றி
ஒரே வாளியில் பிழிகிறேன்.
சாம்பல் நிறம். கொஞ்சம் எண்ணெய். ஒரு ஒட்டுப்பொட்டு.

மேலே நிமிர எனக்கு நேரமில்லை.
விதானத்துத் தாமரையை
ஈரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.
தலைகீழாய், நடுங்கி.
துடைத்தால் போய்விடும்.
அடுத்த ஆள் நனைந்து வந்தால் திரும்பிவிடும்.

நடை சாத்தும் நேரத்தில் ஒருவர் ஓடிவந்தார்.
கையில் துணிப்பை, மொட்டைத் தலை.
கிணறுகளை மூடியாயிற்று.
முத்திருளாண்டி கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
"பஸ்ஸு லேட்டுங்க" என்றார் என்னிடம்,
நான்தான் முடிவெடுப்பவள் என்பதுபோல.

பிறகு குனிந்தார்.
நான் இன்னும் தொடாத ஈரத்தில் விரல் நனைத்து
தலையில் தெளித்துக்கொண்டார்.
அது கால்பட்ட தண்ணீர் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.

அவர் எழுந்து போன பிறகும்
அந்த நாலு அடியை விட்டுவிட்டுச்
சுற்றிலும் துடைத்தேன்.
கலங்கிய தாமரை ஒவ்வோர் இதழாய்
ஒன்று கூடிக்கொண்டிருந்தது.

கோட்டைச்சாமி விசில் ஊதினார்.