கோசா

பெர்கமோவிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் பெலிசாரியோ
மடித்த தாளை மேசையில் வைத்தார்,
மேலே கையை வைத்துக்கொண்டே பேசினார்:
இருபத்தைந்து வரி. மும்மூன்றாய்க் கொக்கி போட்ட இயைபு.
யார் படித்தாலும் காதல் கவிதை என்பார்கள்,
அச்சுக் கோக்கும் நீயும்கூட.

அவர் படகு திரும்பியதும் பிரித்தேன்.

தெரியாத எண்ணுக்கு எங்கள் கணக்கர்கள் இட்ட பெயர் கோசா.
பொருள். அவ்வளவுதான்.
உடைந்த ஜாடியும் பொருள்,
சொல்லுக்குள் ஒளிந்திருப்பதும் பொருள்.
கவிதையில் அந்தப் பெண்ணுக்கும் அதே பெயர்.
பொருளே, உன்னைக் கனமாக்கி
உன்னைப்போல் மூவரை அருகில் நிறுத்தினால்
பதினான்கு என்கிறதாம் உலகம்.

நான் ஒர்சோலா. கணவன் கொள்ளைநோயில் போனான்,
அச்சகம் போகவில்லை.
ஈய எழுத்துகளைத் தலைகீழாய்ப் படிப்பவள்;
ஒன்பதாவது வரியில் விரல் நின்றது.

பொருள் இரண்டு. எட்டும் ஆறும் பதினான்கு,
மீன்காரியும் சொல்வாள்.
ஆனால் வரி சொன்ன வழியே போனால்,
மூலத்துக்குள் மூலம் தோண்டி,
சுண்ணக்கட்டி தேயத் தேய,
இரண்டைத் தாண்டி ஒரு பிசிறு வழிந்தது.
மூவரில் நான்கிலொரு பங்கைக் கனமாக்கு என்று எழுதியிருந்தார்.
மூன்றிலொரு பங்கு என்று மாற்றினேன்.
பிசிறு போயிற்று.
இயைபும் போயிற்று.

மறுநாள் காட்டினேன்.
கால்வாயைப் பார்த்தார். வெங்காயம் ஏற்றிய படகு ஒன்று போனது.
அது போய் முடிந்தபின்
"திருடனுக்காகத்தான் தவறாக எழுதினேன்" என்றார்.

மூன்று என்றே கோத்தேன்.
அந்த வரி ஒரு காலை இழுத்துக்கொண்டு நடக்கிறது.
வாசித்தவர்கள் அந்த இடத்தில் மட்டும்
குரலைத் தாழ்த்துவதாகக் கேள்வி.
துக்கம் என்று நினைக்கிறார்கள்.

இருநூறு படி முடிந்ததும் சட்டத்தை அவிழ்த்தேன்.
அதே எழுத்துகள் அந்த வாரமே
கியோஜா வியாபாரியின் கருவாட்டு விலைப்பட்டியலுக்குப் போயின.
கோசாவின் நடுவிலிருந்த வட்டம் ஒன்று மட்டும்
ஓரம் தேய்ந்துபோய்
எழுத்தா சுழியா என்று தெரியவில்லை.
எந்தக் குழியில் போடுவது?
இப்போதைக்கு
ஏப்ரனின் பையில் கிடக்கிறது.