மர்மமாகக் காணாமல் போனவை நீங்கலாக

டுலூத்தில் அன்று காலை மைனஸ் இருபத்திரண்டு.
பள்ளிப் பேருந்தின் பின்சக்கரத்தடியில்
என் போன் நொறுங்கியது.
சத்தம்கூட வரவில்லை, பனி அப்படி.
கையுறை போட்டிருந்ததால் நழுவியது என்று சொல்லிப் பார்த்தேன்.
உண்மையில் கழற்றியிருந்தேன்.
ஜன்னலில் ஏழு மூக்குகள் ஒட்டியிருந்தன.
"செத்துப்போச்சா வெர்னா?" என்று கேட்டான்
இரண்டாம் வகுப்பு ஓட்டிஸ்.
இல்லை. கண்ணாடி தூளாகியும்
உள்ளே ஒரு பச்சைக் கோடு எரிந்தபடி இருந்தது.

கடன் அட்டையிலேயே போனுக்குப் பாதுகாப்பு இருக்குமாம்.
டிப்போவில் யாரோ சொன்னது.
எல்லா அட்டையிலும் கிடையாது, சிலவற்றில்.
எதில் என்று அட்டையின் முகத்தில் எழுதியிருக்காது.
பழைய பேட்டரிகள், சோயா சாஸ் பொட்டலங்கள்,
எந்தப் பூட்டுக்கென்றே தெரியாத சாவி,
எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது
நாற்பத்து நான்கு பக்கக் கையேடு.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாத எழுத்து.

பக்கம் இருபத்தேழு.
உடைந்தால் உண்டு.
திருடு போனால் உண்டு, போலீஸ் அறிக்கை வேண்டும்.
கீறல் மட்டும் என்றால் இல்லை, அது அழகுக் குறை.
மர்மமாகக் காணாமல் போனால் இல்லை.
அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றேன்.
சக்கரத்தடியில் போனதில் மர்மம் ஒன்றும் இல்லை.

அட்டையின் பின்னால் ஒரு எண். அழைக்க வேண்டும்.
எதிலிருந்து அழைப்பது?
எதிர்வீட்டு பா கூ வாங்
இரவு ஷிஃப்ட் முடிந்து, ஆஸ்பத்திரி உடுப்போடே
தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.
"உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம், மேடம்,
அதை வாசியுங்கள்."
மேஜையில் உடைந்தது ஒருமுறை அதிர்ந்தது.
டார்ச் அடித்து, சாய்த்து, நிமிர்த்தி
பா கூ வாசித்தாள், எக்ஸ்ரே பார்ப்பவள் போல:
நான்கு. ஒன்பது. பூஜ்யம். இரண்டு.
அடுத்தது ஒன்றா ஏழா?
ஏழு என்று வைத்துக்கொள் என்றேன்.
ஏழேதான். கடைசியில் ஒரு மூன்று.

கார்வின் என்று பேர் சொன்ன அந்தப் பையனுக்கு
என்னைவிட அதிக சந்தோஷம்.
"உங்கள் அட்டையில் பாதுகாப்பு உண்டு, மேடம்.
அறுநூறு டாலர் வரை. முதல் ஐம்பது மட்டும் உங்களுடையது.
போன மாத போன் பில்லை
இதே அட்டையில் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான்."
கட்டாமலா? தானாகவே போகிறதே என்றேன்.
"எதிலிருந்து போகிறது?"

அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு
கணக்குத் தாள்களை விரித்தேன்.
பெட்ரோல். பூனைத் தீனி. பல் டாக்டர். மறுபடி பெட்ரோல்.
போன் இல்லை.
அதற்கு முந்தைய மாதம், இல்லை.
போன வருஷம், இல்லை.
பா கூ தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினாள்,
அடுக்கிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன், வக்கீல் அறையில்
எல்லாவற்றையும் பிரித்தோம் லைலும் நானும்.
படகு அவனுக்கு. பனி தள்ளும் இயந்திரம் எனக்கு.
மீன்பிடிக் குடிசையை விற்றுப் பாதி பாதி.
நாய்க்குக்கூட ஒரு பத்தி இருந்தது.
போன் பில்லை யாரும் எழுதவில்லை.

மறந்திருப்பான்.
கணக்கு பார்க்காத மனுஷன் இல்லை அவன்,
ஒரு டப்பா ஆணிக்கு ரசீது வைத்திருப்பவன்.
இருந்தாலும், மறந்திருப்பான்.

"அப்படியென்றால் அவர் அட்டையில் உண்டா என்று
அவர்தான் கேட்க வேண்டும்," என்றான் கார்வின்.
அவன் ஊரிலும் பனிப்புயலாம், பத்திரமாக இருங்கள் என்றான்.

மகனின் எண் அந்தக் கண்ணாடித் தூளுக்குள்.
டிப்போவின் எண்ணும் அங்கேதான்.
எனக்கு மனப்பாடம் ஒன்றே ஒன்று.
பௌலிங் அரங்கின் தீப்பெட்டி அட்டையில் எழுதித் தந்தது,
வீட்டு லைனைச் செல்லுக்கு மாற்றியபோதும்
அவன் விடாமல் வைத்துக்கொண்டது.

பா கூ தன் போனை என் பக்கம் தள்ளினாள்.
சார்ஜ் பதினோரு சதவீதம்.
இது வெறும் அட்டை விஷயம்,
உன் அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பார், லைல்
என்று ஆரம்பிக்கலாம்.
இரண்டு, ஒன்று, எட்டு