விளங்கிவிட்டதாம்

குரொய்டன். ஏழாம் மாடி.
ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது.

"கிழமைக்கொருக்கா காம்ப்பில கையெழுத்து.
போற வாற இடமெல்லாம் சொல்ல வேணும்.
இரவில வந்து
முகத்துக்கு டோர்ச் அடிச்சுப் பார்ப்பாங்கள்."
அமிர்தசீலன் சொல்லச் சொல்ல
நான் ஆங்கிலமாக்கினேன்.

அதிகாரி பேனாவை வைத்தாள்.
எவ்வளவு கொடுமை, என்றாள்.
பொய்யில்லை, கண் கலங்கித்தான் இருந்தது.

பிறகு அடுத்த தாள்:
வியாழன்தோறும் கையெழுத்து.
விலாசம் மாறினால் அறிவிக்க வேண்டும்.
காலில் பூட்டும் பட்டியை
தினமும் இரண்டு மணி நேரம்
சார்ஜில் போட வேண்டும்,
சுவரோரம் இருந்தபடி.

தமிழில் சொன்னேன்.
புதுச் சொல் ஒன்றும் தேவைப்படவில்லை.

அவன் சொக்ஸை இறக்கி
வெறும் கணுக்காலைப் பார்த்தான்.
"அண்ணை, அங்க
டோர்ச்சுக்குப் பற்றறி
அவங்கள்தான் போட்டவங்கள்."

என்ன சொல்கிறார்? என்றாள்.

விளங்கிவிட்டதாம்,
என்றேன்.