நீந்தத் தெரியாதவன்

பதினோரு பாகங்களாக அவனுக்கு நீந்தத் தெரியாது.
லாந்தரை உயர்த்திப் பிடிப்பான், பாறைக்குப் பாறை தாவுவான்,
பேய்க்கும் பீரங்கிக்கும் அசரமாட்டான்.
முழங்காலளவு தண்ணீரில் விழுந்தால்
செத்துப்போவான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை.
முதல் பாகத்தில் நாங்கள் நான்கு பேர்,
டண்டீயில் மூடிப்போன சணல் ஆலையின் மேல்மாடி.
நீச்சலுக்கு அசைவு வரைய
ஆளுமில்லை, நாளுமில்லை.
தொட்டால் சாவு என்று ஒரே வரி எழுதினேன்.
அந்தத் 'தொபுக்',
என் குளியல்தொட்டியில் ஷாம்பூ புட்டியைப் போட்டுப் பிடித்த சத்தம்.

இருபத்துமூன்று வருஷத்தில்
வரி சாசனமாகிவிட்டது.
புட்டிச் சத்தத்தைக் கைப்பேசி மணியாக வைத்திருக்கிறார்கள்.
பெர்கனில் ஒருவன் புஜத்தில் பச்சை குத்தியிருக்கிறான்:
ஓர் அலை, மேலே ஒரு கை, கையில் லாந்தர்.

பன்னிரண்டாம் பாகத்துக்கான கூட்டம்.
மோர்வென் ஹால்டேன், புது இயக்குநர்,
முதல் பாகம் வந்தபோது அவளுக்கு ஆறு வயது,
சுற்றிவளைக்கவில்லை:
"அவன் நீந்தட்டும்."

லக்லன் காபிக் கோப்பையை வைத்த சத்தம்
அறை முழுக்கக் கேட்டது.
"தண்ணீர்தான் இந்த ஆட்டமே. அந்தப் பயம் போனால்
மிச்சம் என்ன, ஈரத்துணியா?"
"விற்பனைக் கோட்டைப் பாருங்கள்.
இப்போது மூழ்குவது அதுதான்."

நான் இரண்டு பக்கமும் தலையாட்டினேன்.
சம்பளம் வாங்குகிறவள் தலை அப்படித்தான் ஆடும்.

ஜன்னலுக்கு வெளியே டே நதி.
ஒரு புயலிரவில் ரயிலோடு விழுந்த பாலத்தின்
அடிக்கட்டைகள் இன்னும் வரிசையாக நிற்கின்றன,
புதுப் பாலத்தை ஒட்டியே.
யாரும் பிடுங்கவில்லை.
யாரும் அவற்றின்மேல் ரயில் விடவும் இல்லை.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் எல்லோரும் சாப்பிட எழுந்துவிட்டார்கள்.

வடகடல் எண்ணெய் மேடையிலிருந்து ஒரு கடிதம், கையெழுத்தில்:
இரவுப் பணி முடிந்து ஆடுகிறேன். சுற்றிலும் தண்ணீர்.
அவனுக்கும் நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது.
மாற்றிவிடாதீர்கள்.

அதே வாரம் பரிசோதனை அறையில் இன்னெஸ், பதினொரு வயது.
விழுந்தான், செத்தான். விழுந்தான், செத்தான்.
கைப்பிடியை மேசைமேல் வைத்தான்.
"இவனுக்கென்ன மூளை இல்லையா? நீந்த வேண்டியதுதானே?"
பக்தி கலக்காத கேள்வி.
இருபத்துமூன்று வருஷத்தில்
யாரும் என்னிடம் கேட்காதது.

அன்றிரவு அந்த ஒரு வரியை அழித்தேன்.
அவன் தண்ணீருக்குள் போனான்,
போய்க்கொண்டே இருந்தான்.
கீழே ஒன்றுமில்லை.
இத்தனை காலம் கடலென்று நாங்கள் விற்றது
ஒரு நீலத் தாள்.
அடி என்று ஒன்றைக் கட்டவே இல்லை.

கட்டினோம், பதினான்கு மாதம்.
மணல், பாசி, கோபக்கார நண்டுகள்.
ஒருநாள் எல்லோரும் போனபிறகு, எவரையும் கேட்காமல்,
தரையெங்கும் லாந்தர்களைப் போட்டேன்.
விழுந்தவனோடு விழுந்தவை
எங்கேயாவது கிடக்க வேண்டுமே.
ஆயிரம் போட்டேன், படம் திக்கித் திக்கி நின்றது.
லக்லன் முணுமுணுத்தபடி நாற்பதாகக் குறைத்தான்.
அந்த நாற்பதுக்கும்
தனித்தனியாகத் துரு பூசியது யார் என்று கேட்டால்
மழையைப் பற்றிப் பேசுகிறான்.

மேடைக்காரரின் கடிதத்துக்கு
இன்னும் பதில் எழுதவில்லை.

மறுபடி இன்னெஸ். ஓர் அங்குலம் வளர்ந்திருந்தான்.
குதித்தான், நீந்தினான்,
லாந்தர்களைத் தாண்டிப் போயேவிட்டான்.
கண்ணாடிக்கு இந்தப்பக்கம்
மூச்சுப் பிடித்து நின்றவள் நான்.

பிறகு திரும்பி வந்தான்.
ஒன்றின் அருகே மிதந்து பொத்தானை அமுக்கினான்.
மறுபடியும் அமுக்கினான்.
"இதை எடுக்க முடியாதா?"

பிழைப் பட்டியலில் சேர்த்தேன்:
எண் 4117.
எடுக்க முடியவில்லை.