எட்டாவது சுருள்

எட்மன்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
எஞ்சின் உறையாமலிருக்க
காரைக் கம்பத்துப் பிளக்கில் மாட்டிவிட்டு
தரைத்தளத்துக்கு இறங்கினேன்.
காந்த அறைக்குப் பருவம் கிடையாது.

லியோனிட் ஹ்ரிட்சாக், எழுபத்தாறு.
தானியக் கிடங்கில் முப்பது வருடம் எடை பார்த்தவர்.
காலையிலேயே தலையை மழித்திருந்தார்கள்.
எந்தச் சாமிக்கு என்று கேட்க வாய் வந்தது,
அடக்கிக்கொண்டேன்.
ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்து
நிலநடுக்கத்தைப் பதிந்த தாள்.
பதினொரு வருடமாக
யார் முன்னாலும் சூப் குடித்ததில்லை என்றார்.
பன்னிரண்டு, என்று திருத்தினார்
அவர் மனைவி இர்கா.

மண்டையில் துளை இல்லை, கத்தி இல்லை.
நான்கு திருகுகள், ஒரு தலைக்கவசம், உள்ளே குளிர்ந்த நீர்,
ஆயிரத்து இருபத்து நான்கு ஒலிமுனைகள்.
தனியே எதுவும்
எறும்பின் காலைக்கூடச் சுடாது.
ஊர் கூடித்தான் தேர் இழுக்கவேண்டும்.
எல்லாம் வந்து சேரும் இடத்தில்,
இடப்பக்கத் தலாமஸில்,
பாசிப்பயறு அளவுக்கு
ஐம்பத்தேழு டிகிரி.

ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும்
மேசையை வெளியே இழுப்பேன்.
பலகையை நான் பிடித்துக்கொள்ள
படுத்தபடியே அவர் சுருள் வரையவேண்டும்.
முதல் சுருள் முள்வேலி.
மூன்றாவது, அவிழ்ந்த கம்பளி நூல்.
ஐந்தாவதில் டாக்டர் மெர்சியே பேச்சை நிறுத்தினார்.
ஆறில் லியோனிட் வாந்தி எடுத்தார்.
போதுமா என்றேன்.
பேனாவைக் கொடு என்றார்.
எட்டாவது, நத்தைக்கூடு.
கோடு கோட்டைத் தொடவில்லை.

மூளை எப்படி மூப்படைகிறது என்ற ஆய்வில்
அவர் எண் நாற்பத்தொன்று.
நான் நூற்றுப் பன்னிரண்டு,
நோயில்லாதவர்கள் பட்டியலில்.
முன்பு தண்டுவடத்தில் ஊசி இறக்கி நீர் எடுத்தோம்,
இப்போது முழங்கை மடிப்பில் ஒரு குப்பி ரத்தம் போதும்.
வருடத்துக்கொரு முறை நானே உள்ளே படுப்பேன்,
ஷெல்டன் பட்டனை அழுத்துவான்.
இம்முறை என் கடல்குதிரை,
நினைவைச் சுமக்கும் மடிப்புக்கு அப்படித்தான் பெயர்,
ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாக
இளைத்திருந்தது.
"உன் வயசுக்குச் சரிதான்" என்றான்
சட்டைக்கு அளவெடுத்தவன்போல.
அன்று ராத்திரி
ரைஸ் குக்கரில் தண்ணீர் ஊற்றினேனா என்று சந்தேகம்.
ஊற்றியிருந்தேன்,
இரண்டு தடவை.
கஞ்சிக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டேன்.
ஷெல்டனிடம் சொல்லவில்லை.

மாலை ஆறரை. பார்லி சூப்.
வலது கையில் கரண்டி
கிண்ணத்திலிருந்து வாய்க்கு
ஒரு சொட்டும் இறைக்காமல் போய்வந்தது.
இர்கா பார்க்கவில்லை.
ஜன்னல் கண்ணாடியின் உறைபனியை
நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.
இடது கைக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.
போர்வைமேல் அதுபாட்டுக்கு
ஆடிக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கத்தை இப்போது தொடமாட்டோம்,
ஒரு வருடமாவது ஆகும்.
அவர் கரண்டியை வைத்தார்.
வலது கையால் இடதைப் பொத்தினார்,
அறைக்குள் வந்துவிட்ட குருவியை
நசுக்காமல் பிடிப்பதுபோல.

வெளியே வந்து
காரைக் கிளப்பி
நாலடி நகர்த்தியிருப்பேன்.
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்தாற்போல்
நின்றது வண்டி.
பிளக்கைக் கழற்றவில்லை.